ஐயா எழுதிய கடிதமெல்லாம் டி ட்ரைவில்: தானாக பேக்கப் ஆக என்ன வழி?

கண்டனூரான் | நவம்பர் 3, இரவு 9.40

வணக்கம். போன வியாழன் மழையில் எங்கள் தெருவில் இடி இறங்கியது. கரண்ட் போய்த் திரும்பி வந்தது, பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) இருந்த கம்ப்யூட்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எரிந்திருந்தது. மாற்றித் தந்தார்கள். டிஸ்க் பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்கு வருடமாக உட்கார்ந்து ஸ்கேன் பண்ணியதெல்லாம் டி ட்ரைவில்தான் இருக்கிறது. ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள், பேரேடுகள், பங்காளி வீடுகளில் கெஞ்சி வாங்கிய இசைகுடிமானங்கள் (கல்யாண ஒப்பந்த ஏடுகள்), மொய்ப்பண ஏடுகள் என்று பன்னிரண்டாயிரம் பக்கம் தேறும். ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐ வண்ணத்தில் சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் 26 எம்பி வருகிறது. போட்டோக்களும் சேர்த்து மொத்தம் 380 ஜிபி. வீட்டில் ஆச்சி நடத்தும் பலகாரக் கடையின் டாலி கணக்கும் அதே டிஸ்கில் ஒரு மூலையில் இருக்கிறது.

பேக்கப்பே எடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011-இல் பழைய போட்டோக்களை ஐந்து டிவிடியில் எரித்து வைத்தேன். இன்று போட்டுப் பார்த்தால் இரண்டு திறக்கவில்லை. பென் டிரைவ் ஒன்றும் உண்டு, அதில் கடைசியாக நகலெடுத்தது 2023 தை மாதம். ஞாபகம் வரும்போது எடுப்பது என்பது எனக்குச் சரிப்பட்டு வராது. நான் கை வைக்காமல் தானாக நடக்க வேண்டும். விண்டோஸ் 10. இணையத்தில் ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ். பத்துப் பன்னிரண்டாயிரம் வரை செலவழிக்கலாம்.

---

சுருக்கன் | நவம்பர் 3, இரவு 9.52

கூகுள் ட்ரைவ் போடுங்கண்ணே. கதை முடிந்தது.

---

தேவகோட்டை ரஸ்தா | நவம்பர் 3, இரவு 10.35

முடியாது தம்பி. இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்ளும். காசு கட்டி இடம் வாங்கினாலும், 380 ஜிபியை 10 எம்பிபிஎஸ்ஸில் ஏற்ற இரவு பகலாக மூன்றரை நாள் ஆகும். கார்த்திகை மழையில் நம் பக்கத்து இணையம் மூன்றரை நாள் விடாமல் நிற்கும் என்று நீங்கள் நம்பினால் சரி. யுஎஸ்பி 3 ட்ரைவ் வாங்கிச் செருகினால் அதே வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடியும்.

வேகத்தை விடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. ட்ரைவ், ஒன்ட்ரைவ் எல்லாம் அடிப்படையில் ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே ஒரு கோப்பு கெட்டுப்போனால் கெட்டுப்போனதுதான் மேலே போய் உட்காரும். அதைக் கண்ணாடி என்று சொல்லலாம், பேக்கப் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

அண்ணே, உங்களுக்கு விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருந்தும் பாதிப் பேர் திறந்ததே இல்லை. வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி, கண்ட்ரோல் பேனலில் போய் ஆன் பண்ணினால் போதும். மணிக்கொரு முறை எது மாறியதோ அதை மட்டும் நகலெடுக்கும், பழைய பிரதியையும் அழிக்காமல் வைத்திருக்கும். போன செவ்வாய்க்கிழமை அந்தக் கோப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் எடுத்துத் தரும். விண்டோஸ் 11-க்கு மாறினாலும் இது உண்டு. மாறிவிடுங்கள், 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டார்கள்.

---

சுருக்கன் | நவம்பர் 3, இரவு 10.50

கொஞ்சம் நியாயமாகப் பேசுங்கள் அண்ணே. ட்ரைவில் அழித்தது 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஒன்ட்ரைவிலும் அப்படித்தான். மாற்றிய கோப்பின் பழைய பிரதியையும் எடுக்கலாம். ஒரேயடியாகக் கண்ணாடி என்று தள்ளிவிட முடியாது.

---

தேவகோட்டை ரஸ்தா | நவம்பர் 3, இரவு 11.04

ஒத்துக்கொள்கிறேன், 30 நாள் உண்டு. ஆனால் கண்டனூர் அண்ணன் 2023-க்கு அப்புறம் பென் டிரைவையே திறக்காதவர். 1936-ஆம் வருடக் கடிதம் ஒன்று காணாமல் போனதை 30 நாளுக்குள் கண்டுபிடிப்பாரா?

---

சுருக்கன் | நவம்பர் 3, இரவு 11.06

சரி, அது நியாயம்.

---

பள்ளத்தூர் ஆச்சி | நவம்பர் 4, காலை 6.20

இதைப் படித்ததும் எங்கள் அப்பத்தா சொன்னது ஞாபகம் வந்தது. ஐயாவுக்குப் பர்மாவில் லேவாதேவிக் கடை. கடையில் இருந்த ஏஜெண்டு அங்கே ஒரு கணக்கு எழுதுவார், அதன் நகல் ஊருக்குத் தபாலில் வந்துகொண்டே இருக்கும். வந்த கட்டை வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு பெட்டகத்தில் அடுக்கி வைப்பார்களாம். 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கால்நடையாகக் கிளம்பினார்கள். அங்கே இருந்த ஏடு எல்லாம் போயிற்று. யார் எவ்வளவு தரவேண்டும் என்று பிறகு பேசுவதற்குக் கையில் மிஞ்சியது ஊருக்கு வந்த நகல் மட்டும்தான். வசூலானதா என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

கண்டனூர்த் தம்பி, கம்ப்யூட்டரும் பட்டாலையில், பேக்கப் டிஸ்கும் அதே பட்டாலையில் என்றால் இடி இரண்டையும் சேர்த்துத்தானே பார்க்கும்? ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும்.

---

தேவகோட்டை ரஸ்தா | நவம்பர் 4, காலை 7.45

ஆச்சி, நீங்கள் சொன்னதைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் 3-2-1 என்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்குக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017 மே மாதம் வானாக்ரை பரவியபோது கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்டதே, அந்த மாதிரி வைரஸ் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். கழற்றி வைத்த டிஸ்கை எந்த வைரஸும் தொட முடியாது.

எனவே அண்ணே, இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று செருகியே இருக்கட்டும், ஃபைல் ஹிஸ்டரிக்கு. மற்றொன்றில் மாதம் ஒரு முறை முழு நகல் எடுத்துக் கழற்றி வெளியூருக்கு அனுப்புங்கள். எஸ்எஸ்டி வேண்டாம், சாதா ஹார்ட் டிஸ்க் போதும். மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் கிடக்கும் வேலைக்கு எஸ்எஸ்டி தோதானதில்லை, விலையும் கூட. அப்புறம் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள், அது பேக்கப்பில் சேராது, ஆனால் இந்தத் திரியைத் தொடங்கி வைத்ததே அது இல்லாத குறைதான்.

---

கானாடுகாத்தான் கணக்கு | நவம்பர் 4, மதியம் 2.15

மாதாந்தர நகலுக்கு ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை போதும். விண்டோஸோடு வருவது, காசு கிடையாது, டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிட்டால் தானாக ஓடும். நான் அதில் சூடு பட்டவன், அதனால் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன்.

எம்ஐஆர் (/MIR) என்று கட்டளையோடு சேர்த்து எழுதும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. இணையத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் போடச் சொல்வார்கள். மூலத்தில் எது இல்லையோ அதை நகலிலும் துடைத்துவிடும். இரண்டு வருடம் முன்பு என் மகன் விண்டோஸைப் புதிதாக ஏற்றினான். டி ட்ரைவில் அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கிவிட்டு, பேக்கப்பிலிருந்து கோப்புகளை நாளைக்குக் கொண்டுவரலாம் என்று படுக்கப் போய்விட்டான். நான் பழைய ஷெட்யூலைச் சேமித்து வைத்திருந்தேன், நல்ல பிள்ளையாக அன்றைக்கே அதையும் ஏற்றிவிட்டேன். ராத்திரி பதினொன்றுக்கு அது ஓடியது. காலி ஃபோல்டரைப் பார்த்து நகலையும் காலியாக்கிவிட்டது. சொன்னதைச் செய்தது, அதன்மேல் குற்றம் இல்லை. எங்கள் சாந்தி கல்யாண (அறுபதாம் கல்யாண) போட்டோ இப்போது மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கல் படங்களாகத்தான் இருக்கிறது. எம்ஐஆர் வேண்டாம், வெறும் இ (/E) சுவிட்ச் போடுங்கள். அழித்தது நகலில் மிச்சம் கிடந்தால் கிடக்கட்டும், இடம்தானே.

இரண்டாவது, ஒரு கோப்பு திறந்திருந்து நகலெடுக்க முடியாமல் போனால் ரோபோகாப்பி முப்பது நொடிக்கு ஒரு தடவை முயலும். எத்தனை தடவை தெரியுமா? நாமாக மாற்றாவிட்டால் பத்து லட்சம். விடிய விடிய ஒரே கோப்பின் வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். எத்தனை தடவை என்பதற்கு ஆர் (/R), எத்தனை நொடி என்பதற்கு டபிள்யூ (/W), இரண்டையும் ஒன்று என்று வைத்துவிடுங்கள்.

மூன்றாவது நமக்கென்றே உள்ளது. கோப்புப் பெயர் தமிழில் இருந்தால், எதை நகலெடுத்தது என்று எழுதிவைக்கும் சாதா லாக்கில் வெறும் கேள்விக்குறியாக வரும். லாக் என்பதற்குப் பதிலாக யூனிலாக் போட்டால் தமிழ் தமிழாகவே வரும்.

டாலியை மூடிவிட்டு நகலெடுங்கள், இல்லையென்றால் டாலியிலேயே இருக்கும் பேக்கப்பைப் போட்டு அந்தக் கோப்பைச் சேருங்கள். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுத்த நகலை நம்பி ஜிஎஸ்டி கட்ட முடியாது.

---

கண்டனூரான் | நவம்பர் 9, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு ஒரு டிபி டிஸ்க் வாங்கிவிட்டேன், யுபிஎஸ்ஸும் வந்துவிட்டது. ஃபைல் ஹிஸ்டரி ஆன் பண்ணி நான்கு நாள் ஆகிறது. அழகாக ஓடுகிறது, மணிக்கொரு முறை "கடைசியாக நகலெடுத்தது" என்று நேரம் காட்டுகிறது. இவ்வளவு சுலபமா என்று இருக்கிறது.

---

தேவகோட்டை ரஸ்தா | நவம்பர் 9, இரவு 8.41

பேக்கப் டிஸ்கில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

கண்டனூரான் | நவம்பர் 9, இரவு 8.48

6 ஜிபி.

---

கண்டனூரான் | நவம்பர் 9, இரவு 8.49

ஐயோ.

---

தேவகோட்டை ரஸ்தா | நவம்பர் 9, இரவு 9.10

பதற வேண்டாம், நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுப்பது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற சில இடங்களை மட்டும். டி ட்ரைவில் நாமாக உண்டாக்கிய ஃபோல்டர் அதன் கண்ணில் படாது. விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ் போய், பேக்கப் பகுதியில் ஃபோல்டரைச் சேர்க்கலாம். 11-இல் அந்த வசதி இல்லை. ஃபோல்டர் மேல் வலது பக்க பட்டனை அழுத்தி ஏதாவது ஒரு லைப்ரரியில் சேர்த்தால் எடுத்துக்கொள்ளும். கணக்கும் ஸ்கேனும் எந்தெந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அத்தனையையும் சேருங்கள்.

---

கோட்டையூர் மேலத்தெரு | நவம்பர் 10, காலை 10.05

திரியைக் கொஞ்சம் திசை திருப்புகிறேன், மன்னிக்கவும். ஸ்கேன் முடிந்ததும் மூல ஏடுகளை என்ன செய்தீர்கள்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. "அதான் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதே" என்று பேரேட்டை எடைக்குப் போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளை ஒரு சுற்று சுற்றினால் யார் வீட்டு முத்திரை போட்ட காகிதமெல்லாம் கிடக்கிறது என்று பார்க்கலாம். எங்கள் ஊர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்க அச்சுப் புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று சேர்த்தவர். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாகியது. அங்கே மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். எடுத்துவிட்டோம் என்று புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை, இரண்டும் இருக்கின்றன. உங்கள் மூன்று பிரதிக் கணக்கில் காகிதத்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கறையான் மட்டும் ஏறாமல் பார்த்துக்கொண்டால் அது டிவிடியை விட அதிக நாள் தாங்கும்.

---

கண்டனூரான் | நவம்பர் 10, இரவு 7.15

எடைக்குப் போடவில்லை அண்ணே, பெட்டகத்திலேயே இருக்கின்றன. பங்காளி வீட்டு ஏடுகளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்ன செய்தார்களோ, நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.

---

மலேசியப் பேரன் | நவம்பர் 12, இரவு 11.30

மேக் வைத்திருப்பவர்களுக்கு?

---

சுருக்கன் | நவம்பர் 12, இரவு 11.41

டைம் மெஷின். 2007-லிருந்து உண்டு. டிஸ்க் மாட்டினால் அதுவே கேட்கும், சரி என்று சொல்லுங்கள். கடந்த ஒரு நாளுக்கு மணிக்கொன்று, ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முன்னால் வாரத்துக்கொன்று என்று வைத்துக்கொள்ளும். இந்த முறை நான் சொன்னது சரிதானே ரஸ்தா அண்ணே?

---

தேவகோட்டை ரஸ்தா | நவம்பர் 12, இரவு 11.55

சரிதான் தம்பி.

---

பள்ளத்தூர் ஆச்சி | நவம்பர் 16, காலை 6.40

கண்டனூர்த் தம்பி, நகல் இருக்கிறது சரி, அதிலிருந்து எதையாவது திருப்பி எடுத்துப் பார்த்தீர்களா? கல்யாண வீட்டில் வெஞ்சனச் சாமான் எல்லாம் எண்ணி வைத்திருப்போம், அண்டாவில் ஓட்டை இருப்பது தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரியும்.

---

கண்டனூரான் | நவம்பர் 17, இரவு 10.20

ஆச்சி, உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

இன்று உட்கார்ந்து முழு ஸ்கேன் ஃபோல்டரையும் பேக்கப்பிலிருந்து வேறு இடத்தில் இறக்கிப் பார்த்தேன். மூலத்தில் இருக்கும் கோப்புகளை எண்ணினேன், இறங்கியதையும் எண்ணினேன். 212 குறைகிறது. எல்லாம் இசைகுடிமானங்கள். கடிதம் ஒன்றுகூடக் குறையவில்லை. ஏன் இசைகுடிமானத்துக்கு மட்டும் இப்படி என்று மண்டை காய்கிறது.

---

தேவகோட்டை ரஸ்தா | நவம்பர் 17, இரவு 10.44

கோப்புப் பெயர் ஒன்றை இங்கே போடுங்கள். ஃபோல்டர் பெயர்களோடு முழுதாக.

---

கண்டனூரான் | நவம்பர் 17, இரவு 10.52

டி ட்ரைவ் > எங்கள் குடும்ப ஆவணங்கள் முழுத் தொகுப்பு > பங்காளி வீடுகளிலிருந்து வாங்கி ஸ்கேன் செய்தவை > இசைகுடிமானங்கள் வருட வாரியாக > பெரிய வீட்டு மூன்றாவது புள்ளி கல்யாண இசைகுடிமானம் முன்பக்கம் சீர் விவரத்தோடு சேர்த்து எடுத்தது

---

தேவகோட்டை ரஸ்தா | நவம்பர் 17, இரவு 11.20

அண்ணே, இது கோப்புப் பெயர் இல்லை, கல்யாணப் பத்திரிகை.

விண்டோஸில் ஒரு கோப்பின் முழு முகவரிக்குப் பழைய வரம்பு ஒன்று இருக்கிறது, 260 எழுத்து. ஃபைல் ஹிஸ்டரி இன்னமும் அதற்குக் கட்டுப்பட்டது. அதோடு பேக்கப்பில் வைக்கும்போது ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் தேதியும் நேரமும் ஒட்டும், முன்னால் பேக்கப் ஃபோல்டரின் முகவரியும் சேரும். வரம்பைத் தாண்டினால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு, ஈவென்ட் லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். அந்த லாகை நம்மில் யார் திறந்து பார்க்கிறோம்?

தமிழில் இது சீக்கிரமே முட்டும். "இசைகுடிமானம்" நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கம்ப்யூட்டர் துணைக்காலையும் கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும், அதன் கணக்கில் பன்னிரண்டு. தமிழில் பெயர் வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை, நானும் தமிழில்தான் வைக்கிறேன். சுருக்கமாக வையுங்கள், விவரத்தை ஒரு எக்செல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண் போட்ட கோப்பு, எண்ணுக்கு எதிரே விவரம்.

---

கானாடுகாத்தான் கணக்கு | நவம்பர் 18, காலை 9.00

ரோபோகாப்பிக்கு இந்த 260 தொல்லை கிடையாது. ஆனால் பெயரைச் சுருக்குங்கள், எப்படியும் நல்லது. ஷெட்யூலில் இன்னொன்றையும் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு என்று வைத்துவிட்டு பத்து மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்தால் அது எப்போது ஓடும்? தவறிய வேலையை முடிந்தவுடன் ஓட்டு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அது டிக் ஆகாமல்தான் வரும். டிக் பண்ணுங்கள்.

---

கோட்டையூர் மேலத்தெரு | நவம்பர் 18, காலை 9.30

வெளியூர் போகும் டிஸ்குக்குப் பூட்டுப் போடுவீர்களா? கடிதத்தை யார் படித்தால் என்ன. பத்திரமும் ஆதாரும் ஸ்கேனில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

---

தேவகோட்டை ரஸ்தா | நவம்பர் 18, காலை 10.10

அவற்றுக்கு மட்டும் போட்டால் போதும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் கொண்டு வெளி டிஸ்கைப் பூட்ட முடியாது, திறக்க மட்டும் முடியும். அதற்குப் பதிலாக வெராகிரிப்ட் என்ற மென்பொருளால் பூட்டலாம், இலவசம். ஆனால் கடவுச்சொல்லைத் தலையில் மட்டும் வைத்திருக்காதீர்கள். ஒரு காகிதத்தில் எழுதி இரும்புப்பெட்டியில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். சாவி எங்கே என்று சொல்லாமலே போய்விட்ட ஐயாக்களால் நம் ஊரில் இன்னும் திறக்காமல் கிடக்கும் அறைகள் எத்தனை.

---

கண்டனூரான் | நவம்பர் 30, இரவு 9.05

கடைசி நிலவரம். 212 கோப்புக்கும் பெயரைச் சுருக்கினேன், மூன்று சாயங்காலம் ஆயிற்று. மறுபடி இறக்கி எண்ணினேன், சரியாக இருக்கிறது. பத்து இசைகுடிமானத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கித் திறந்தும் பார்த்தேன். பங்காளி வீட்டுக்கும் போய்வந்தேன். அவர்கள் ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன, எடைக்குப் போடவில்லை.

இரண்டாவது டிஸ்கில் முழு நகல் எடுத்தாகிவிட்டது. பத்திரங்களைத் தனியாகப் பூட்டினேன், சொல் இரும்புப்பெட்டியில். சென்னையில் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும். கூரியரில் அனுப்ப மனசில்லை. மைத்துனர் வந்திருந்தார், நேற்று விடிகாலை காரைக்குடி ஸ்டேஷனில் பல்லவன் ஏற்றும்போது கையில் கொடுத்தேன். அடிபடக்கூடாது என்று ஆச்சி அதைப் பஞ்சுத் துணியில் சுற்றி, மனகோலம் வைக்கும் பலகார டின்னில் வைத்து மூடிக் கொடுத்தார்.

மதியம் தங்கச்சி போன். டிஸ்க் வந்து சேர்ந்ததா என்று கேட்டேன். "அது வந்தது, மனகோலம் எங்கே?" என்றாள். அடுத்த மாதம் இரண்டு டின்.